கல்யாணம் வரைக்கும் ஒரு வேலை

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் செல்போன் செய்யும் தொழில் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. இருபது வருடமாக அதே தொழிலில் இருக்கிற லைன் பெண் ஒருத்தியைக்கூட எனக்குத் தெரியாது. பத்து வருடம் இருந்தவர்களே அபூர்வம். எங்கள் மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனிக்குப் போன ஆண்கள், 2022-ல் அங்கே கார் உற்பத்தி நிற்கும்வரை ஒரே கேட்டில் நுழைந்து ஒரே கேட்டில் வெளியே வந்தார்கள். வீடு கட்டினார்கள், தங்கைகளுக்குச் செய்முறை செய்தார்கள், சங்கத்தில் நின்று பேசினார்கள். போன் கம்பெனிக்குப் போன பெண்கள் ஏன் அப்படி ஒரு கேட்டில் வயதாகவில்லை? இருபது வருடக் கதையை நான் இந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன்.

நானும் போன பெண்தான். சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய கிராமம். 2007-ல் பிளஸ் டூ முடித்த கையோடு, போனுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ட்ரெயினியாகச் சேர்ந்தேன். அந்த நாளில் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருந்த நோட்டீஸ்களில் வாசகம் ஒன்றுபோலவே இருக்கும்: வயது 18 முதல் 25 வரை, பெண்கள், திருமணமாகாதவர், பஸ் வசதி, உணவு இலவசம். திருமணமாகாதவர் என்ற சொல்லைப் பார்த்து அன்று யாருமே திகைக்கவில்லை. அப்பாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. நாலு பெண்களோடு போய் நாலு பெண்களோடு திரும்புவாள், கொஞ்சம் நகை சேர்ப்பாள், பிறகு கட்டிக்கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கம்பெனி போட்ட கணக்கும் அதேதான்.

தொலைபேசித் தொழிலுக்கும் கல்யாணமாகாத பெண்ணுக்கும் உள்ள உறவு எங்கள் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் தொடங்கியதல்ல. 1878-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் அவர்தான். அதுவரை இருந்த பையன்கள் சந்தாதாரர்களிடம் துடுக்காகப் பேசுகிறார்கள் என்று பெண்களைத் தேடினார்கள். நான்கு வருடத்துக்குள், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாயோடு சென்னையிலும் தொலைபேசி நிலையம் வந்தது. இடம் எர்ரபாலு செட்டித் தெரு. நடத்தியது இங்கிலாந்தின் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி. பின்னாளில் சென்னை எக்ஸ்சேஞ்சுகளில் ஆங்கிலோ இந்தியப் பெண்களின் குரல்தான் ஊருக்கே பழக்கமானது.

இங்கிலாந்திலேயே தொலைபேசியை 1912 முதல் தபால் துறை நடத்தியது. அங்கே பெண் ஊழியருக்கு ஒரு விதி இருந்தது: கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும். கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். திறமை எவ்வளவு, சர்வீஸ் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் சண்டைக்குப் போய்விட்டபோது விதியைத் தளர்த்தினார்கள். 1946-ல்தான் முழுக்க எடுத்தார்கள். அந்தத் தபால் துறையின் தொலைபேசிப் பிரிவுதான் பிறகு பிரிட்டிஷ் டெலிகாம் ஆகி, 1984-ல் தனியார்மயமாகி, இன்று பிடி என்று நிற்கிறது. 2024 பிப்ரவரியில் அதன் தலைமை நிர்வாகியாக அலிசன் கிர்க்பி வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். கிளாஸ்கோவைச் சேர்ந்தவர், கணக்கியல் படித்தவர். பி அண்ட் ஜி-யில் நெடுங்காலம் இருந்தார். ஸ்வீடனின் டெலி2, டென்மார்க்கின் டிடிசி, மறுபடி ஸ்வீடனின் டெலியா என்று மூன்று தொலைபேசி நிறுவனங்களுக்குத் தலைமை தாங்கிய பிறகுதான் லண்டனில் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

அவர் செய்தியைப் படித்தபோது என் மனம் பதவியில் நிற்கவில்லை, வருடங்களில் நின்றது. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு, முப்பது வருடத்துக்கு மேல் அறுபடாத ஒரு உத்தியோகம். ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலைக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. 1946-ல் அந்த விதி போனதால் மட்டும் இப்படி ஒருவர் வந்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். படிப்பு வேண்டும், வாய்ப்பு வேண்டும். ஆனால் கல்யாணத்தன்று கணக்கை முடித்து அனுப்புகிற இடத்தில் எந்தப் படிப்பும் முப்பது வருடமாக வளராது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தொலைத்தொடர்புக் கருவி செய்வது புதிதல்ல. 1960-லேயே கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் வந்தது. அது மத்திய அரசு நிறுவனம். தந்தி அலுவலகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த எந்திரங்கள் அங்கே பிறந்தவை. ஆனால் ஆயிரக்கணக்கில் கிராமத்துப் பெண்களை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தது நோக்கியாதான். 2005 ஏப்ரலில் ஜெயலலிதா அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் உற்பத்தி தொடங்கியது, மார்ச்சில் முறையாகத் திறந்தார்கள். ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற சப்ளையர்கள் பக்கத்திலேயே கடை விரித்தார்கள். உலகத்தில் நோக்கியாவுக்கு இருந்த பெரிய ஆலைகளில் ஒன்றாக அது சீக்கிரமே வளர்ந்தது. உச்சத்தில் நிரந்தரத் தொழிலாளர் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

இந்த வரவுக்கு எல்லோரும் சொல்லும் காரணங்கள் துறைமுகம், நிலம், வரிச் சலுகை, சிறப்புப் பொருளாதார மண்டலம். எல்லாம் உண்மை. யாரும் சொல்லாத ஒரு காரணம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 66-வது பிரிவில், காலை ஆறு மணியிலிருந்து இரவு ஏழு மணிவரைதான் பெண்களை ஆலையில் வேலை வாங்கலாம் என்று சொன்னது. 2000 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பெண்கள் கூட்டமாக வேலை செய்ய வேண்டும், போக்குவரத்து தர வேண்டும், பாதுகாப்பு தர வேண்டும் என்று நிபந்தனைகளையும் சேர்த்தது. அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் மூன்று ஷிப்டும் பெண்கள் நிற்கிற லைன் ஒன்று இந்தச் சாலையில் ஓடியிருக்காது. வந்தவாசி, செய்யாறு, உத்திரமேரூர் பக்கம்வரை போய்ப் பெண்களை ஏற்றிவரும் வெள்ளை பஸ்களுக்கு அங்கேதான் வழி திறந்தது. பெண்ணுக்கு ராத்திரியிலும் வேலை செய்ய உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையை எந்த வயதுவரை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கம்பெனி கேட்டில் முடிவு செய்தார்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. போர்டில் பாகங்களைப் பதிக்கும் எஸ்எம்டி லைனில் வெறும் பச்சைப் போர்டு உள்ளே போகும். முதலில் அதன்மேல் சால்டர் பேஸ்ட் அச்சாகும். அடுத்த எந்திரம் கடுகைவிடச் சின்ன பாகங்களைச் சுருளிலிருந்து எடுத்துக் கண் இமைப்பதற்குள் அதனதன் இடத்தில் வைக்கும். பிறகு போர்டு சூளைக்குள் போகும். ஈயம் சேராத சால்டர் நன்றாக உருகிப் பிடிக்க 240, 250 டிகிரிவரை சூடு வேண்டும். வெளியே வரும்போது பூதக்கண்ணாடி விளக்கின் கீழே நாங்கள் இருப்போம். பாகம் சாய்ந்திருக்கிறதா, இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பேஸ்ட் உருகாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு போர்டு முன்னால் நிற்பது சில நொடிதான். உடம்பில் சேரும் மின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும் என்பதால் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து தரைக்கு ஒரு ஒயர். கழற்றாமல் எழுந்தால் ஒயர் கையை இழுக்கும். தொப்பி, கோட்டு, தனிச் செருப்பு. வளையல் கூடாது, பூ கூடாது.

பெண்களுக்கு விரல் நளினம், பொறுமை அதிகம், அதனால்தான் பெண்களை எடுக்கிறோம் என்று அதிகாரிகள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. சேர்ந்த முதல் மாதம் எனக்கு எந்த நளினமும் கிடையாது. கண் எரியும், குறை எது நிழல் எது என்று தெரியாது. ஒரு வருடம் கழித்து, போர்டு வெளியே வரும் விதத்தைப் பார்த்தே சூளையில் எந்தப் பகுதியில் சூடு குறைகிறது என்று சொல்ல முடிந்தது. டெக்னீசியன் அண்ணன்கள் செட்டிங்கை மாற்றும் முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கற்றுக்கொண்ட தொழில் அது. விரலோடு பிறந்தது என்று சொல்லிவிட்டால் அதற்குச் சம்பளம் கூட்ட வேண்டாம், பதவி தர வேண்டாம், போகிறவளைத் தடுத்து நிறுத்தவும் வேண்டாம்.

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்துப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. சிறுபெண்களை மூன்று வருடம்போல ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். பலருக்கு அந்தத் தொகை முழுசாக வந்து சேராமல் போனதும் வழக்குகள் நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் சாலையில் அவ்வளவு கொடுமை இல்லை. மாதாமாதம் சம்பளம் வந்தது, பி.எஃப். பிடித்தார்கள், கேன்டீன் சுத்தமாக இருந்தது. ஆனால் பெண்ணின் உழைப்புக்கு முடிவு தேதி அவள் கல்யாணம் என்ற நினைப்பு அங்கேயும் இங்கேயும் ஒன்றே.

அதற்காக, அந்தப் பெண்கள் பணிந்தே இருந்தார்கள் என்று யாரும் எழுதக்கூடாது. 2009-லும் 2010-லும் நோக்கியாவில் வேலைநிறுத்தம் நடந்தது. 2010 செப்டம்பர், அக்டோபரில் ஃபாக்ஸ்கானில் நடந்தது. அந்த வருடம் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் நோக்கியா ஆலையில் 23 வயதுப் பெண் ஒருத்தி எந்திரத்தில் கழுத்து சிக்கி இறந்தாள். எந்திரத்தை உடைத்தாவது அவளை எடுக்கவிடவில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் கொதித்தது செய்திகளில் வந்தது. அவளுக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று எங்கள் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

எனக்கு 2012-ல் கல்யாணம். அதற்குள் லைன் லீடர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கடிதத்தில் இன்னும் ஆபரேட்டர்தான். பத்திரிகை வைக்கப் போனபோது மேலதிகாரி வாழ்த்துச் சொல்லி வாங்கிக்கொண்டார். கான்ட்ராக்ட் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மறைமலை நகரில் புகுந்த வீடு. இன்னொரு கம்பெனியில் நேர்முகத்துக்குப் போனேன். கழுத்தில் தாலியைப் பார்த்துவிட்டு, குழந்தை எப்போது என்று கேட்டார்கள். சூளைச் சூட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

நோக்கியா மூடிய கதை நாடறிந்தது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கட்டிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013-ல் வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. மாநில அரசும் தன் பங்குக்கு விற்பனை வரி கேட்டது. அதே வருடம் செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வழக்கில் மாட்டிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு வாங்கினார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

வேகமாகச் சொல்ல முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. விருப்ப ஓய்வு வாங்கிய பெண்களில் பலருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தேழுதான். அந்த வயதில் ஓய்வு என்ற சொல்லையே சொல்லக்கூடாது. ஆண்கள் ஒரகடத்தில் கார், டயர் கம்பெனிகளுக்கு, குறைந்த சம்பளத்துக்காவது, போனார்கள். பெண்களிடம் எல்லா இடத்திலும் இரண்டே கேள்வி கேட்டார்கள்: வயது என்ன, கல்யாணம் ஆயிற்றா? என் தோழி ஒருத்தி, போன் டெஸ்டிங்கில் கெட்டிக்காரி, காஞ்சிபுரத்தில் ஜவுளிக் கடையில் நின்றாள். இன்னொருத்தி நூறு நாள் வேலைக்குப் போனாள். எட்டு வருடம் பழகிய தொழில் ஊரில் ஆயிரம் பேர் கையில் இருந்தது, கேட்க ஆளில்லை.

பிறகு தொழில் திரும்பி வந்தது. 2019-ல் ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யத் தொடங்கியது. அதே வருடம், பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையைச் சால்காம்ப் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2022-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், ஐபோன் செய்யும் பெகாட்ரான் ஆலை திறந்தது. 2025 ஜனவரியில் அதன் 60 சதவீதப் பங்கை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. அனுபவம் உள்ள பழைய பெண்களைக் கூப்பிடுவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். வந்தவர்கள் மறுபடியும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உடன் இருந்தவர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடி, அடுத்த ஜனவரியில்தான் திறந்தது. ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்று அப்போதுதான் நாடு விசாரித்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். சிப்காட் 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டியது. அந்தச் சாலை மறியல் இல்லாமல் அந்தக் கட்டடம் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்காது என்பது என் திடமான எண்ணம்.

அந்த விடுதி நல்லது. ஆனாலும் பாருங்கள், 18,720 கட்டில், எல்லாம் ஒற்றை ஆளுக்கு. கணவனோடு குழந்தையோடு இருக்கிற ஒரு தொழிலாளிப் பெண் எங்கே தங்குவாள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. அது திறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், 2024 ஜூனில், ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று. பாகுபாடு காட்டுவதில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் கால்வாசி கல்யாணமானவர்கள் என்று அதன் தரப்பில் சொன்னார்கள். மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அப்போது சுட்டிக்காட்டியது 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை. வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்றது அது. கல்யாணமான ஆணைக் கேட்காத கேள்வியைக் கல்யாணமான பெண்ணிடம் கேட்டால், அது பெண் என்பதற்காகக் கேட்டது இல்லாமல் வேறென்ன?

1979-லேயே சி.பி.முத்தம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் இந்தியப் பெண் அவர், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும், கல்யாணமான பெண்ணுக்குப் பணியில் சேர உரிமை இல்லை என்றெல்லாம் விதிகள் இருந்தன. ஆணுக்கு இல்லாத நிபந்தனை பெண்ணுக்கு ஏன் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டார். ஐ.எஃப்.எஸ். அதிகாரிக்குக் கிடைத்த அந்த நியாயம் ஆபரேட்டர்வரை இறங்கி வரவில்லை.

நான் அடிக்கடி நினைக்கும் இன்னொரு பெயர் ரேவதி அத்வைதி. பிலானியில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அங்கே ஓக்லஹோமா மாநிலத்தில் ஈட்டன் கம்பெனி ஆலையில் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசராக வேலையைத் தொடங்கினார். 2019-ல் எலக்ட்ரானிக்ஸ் பொருள்கள் செய்யும் ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆனார். அந்த ஃபிளெக்ஸுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை இருக்கிறது. எஞ்சினியரும் பிளஸ் டூ பெண்ணும் ஒன்றல்ல, தெரியும். எல்லோரும் தலைமை நிர்வாகி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லைனிலிருந்து சூப்பர்வைசர், சூப்பர்வைசரிலிருந்து ஷிப்ட் இன்சார்ஜ், அங்கிருந்து தரக்கட்டுப்பாடு என்று மூன்று படி போதும். பகல் ஷிப்டும் குழந்தைகள் காப்பகமும் பிரசவ விடுப்பும் இருந்தால் அந்தப் படிகளில் பெண்கள் ஏறுவார்கள். டிப்ளமோ படிக்கக் கம்பெனி உதவினால் இன்னும் சீக்கிரம் ஏறுவார்கள். சீனா மாதிரி உற்பத்தி மையம் ஆவோம் என்கிறார்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறை தெரிந்த கைகளை அனுப்பிவிட்டுத் தெரியாத கைகளை எடுக்கும் ஊர் எதற்கும் மையம் ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டு மாடி அறைகளைக் கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பாதிப் பேர் வேர்ல்டு சிட்டிக்குப் போகிறவர்கள். ஜார்கண்ட் பெண்களும் இருக்கிறார்கள், தமிழ் நன்றாகப் பழகிவிட்டார்கள். வந்தவாசிப் பெண் ஒருத்திக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன் என்று மாப்பிள்ளை வீட்டில் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள். சரி என்றிருக்கிறார்கள்.

"கம்பெனியில சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா சொல்லணும்? ஆம்பளைங்க சொல்லிட்டா கட்டிக்கிறாங்க?"

சொல்லத்தான் வேண்டும் என்றேன். ஒளித்து வைத்துப் பார்க்கிற வேலையில் பிரசவ விடுப்பு கேட்க முடியாது. வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் மூன்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள். வேண்டாம் என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, எழுதித் தரச் சொல். எழுதித் தந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நானே கூட வருகிறேன். நகல்களை நேற்று எடுத்துவிட்டாள். ஒரு செட் என்னிடம் இருக்கிறது.